சாட்சிக் கூண்டில் நிற்கும் இலக்கியம்

கேட்டிருப்பது இரண்டு கேள்விகள். ஆர்மேனிய இனப்படுகொலையைப் பற்றி வாசிக்க எங்கே தொடங்குவது என்பது ஒன்று. எல்லாப் பட்டியலிலும் முதலில் நிற்பது ஃப்ரான்ஸ் வெர்ஃபெலின் ‘மூசா டாக்கின் நாற்பது நாட்கள்’. அவர் ஆர்மேனியரே இல்லை, ஆர்மேனியர்கள் ஏன் அப்படியொரு நாவலை எழுதவில்லை என்பது இன்னொன்று. இரண்டாவதற்குப் பதில் சொல்லிக்கொண்டே போனால் முதலாவதுக்கும் பதில் வந்துவிடும். அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

எழுதக்கூடியவர்களைத்தான் முதலில் பிடித்தார்கள். 1915 ஏப்ரல் 24 இரவு, இன்றைய துருக்கிக்கு முன்பிருந்த ஒட்டோமான் பேரரசின் தலைநகரான கான்ஸ்டான்டிநோபிளில் (இன்றைய இஸ்தான்புல்), கையில் பெயர்ப்பட்டியலோடு போலீஸ் வீடு வீடாகப் போனது. அன்றிரவும் அடுத்த சில நாட்களிலும் 200-க்கும் மேற்பட்டோர் கைதானார்கள். கவிஞர்கள், பத்திரிகையாளர்கள், பள்ளி ஆசிரியர்கள், பாதிரிமார்கள், மருத்துவர்கள், வக்கீல்கள். அவர்களை அனடோலியாவின் உட்பகுதியிலுள்ள அயாஷ், சாங்கிரி என்ற ஊர்களுக்குக் கொண்டுபோனார்கள். பெரும்பாலானவர்கள் உயிரோடு திரும்பவில்லை. நாடெங்கும் ஆர்மேனியர்களை ஊர் ஊராகக் கிளப்பி சிரியப் பாலைவனத்தை நோக்கி நடக்கவைத்தது பெரும்பாலும் இதற்குப் பிறகுதான். மொத்தம் எத்தனை பேர் செத்தார்கள் என்பதில், சுமார் 10 லட்சம் என்று பல ஆய்வாளர்களும் 15 லட்சம் என்று ஆர்மேனியர்களும் சொல்கிறார்கள். இன்றும் ஏப்ரல் 24-ஐத்தான் நினைவுநாளாக வைத்திருக்கிறார்கள். அதாவது அந்த இனத்தின் துக்கநாள் என்பது அதன் எழுத்தாளர்கள் கைதான நாள்.

அன்று பிடிபட்டவர்களில் ஒருவர் டேனியல் வரூஜான். வயது 31. சிவாஸ் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்து, வெனிஸிலும் பெல்ஜியத்தின் கெண்ட் நகரிலும் படித்துவிட்டுத் திரும்பிவந்து ஆசிரியராக இருந்த கவிஞர். ஆகஸ்ட் 26-ஆம் தேதி, மருத்துவரும் கவிஞருமான ரூபென் செவாக் உள்ளிட்ட சிலரோடு சாங்கிரிக்கு வெளியே கொல்லப்பட்டார். அவர் அப்போது எழுதிக்கொண்டிருந்த தொகுப்பின் பெயர் ‘ரொட்டியின் பாடல்’. கைப்பற்றிய காகிதங்களோடு அந்தக் கையெழுத்துப் பிரதியும் அதிகாரிகளிடம் போய்விட்டது. பிற்பாடு லஞ்சம் கொடுத்து மீட்டதாகச் சொல்வார்கள். 1921-இல் அச்சானது. உழவும் விதைப்பும் அறுப்பும் களத்துமேடும் மாவு அரைப்பதும்தான் அதன் பொருள். ஒரு சொட்டு ரத்தம் கிடையாது. இனப்படுகொலை இலக்கியம் என்று பட்டியல் போடுபவர்கள் இதைச் சேர்ப்பதில்லை, நான் சேர்ப்பேன். பாலைவனத்தில் செத்தவர்களைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். அவர்கள் எந்த நிலத்தை உழுதார்கள், எந்த அடுப்பில் ரொட்டி சுட்டார்கள் என்று சொல்ல இந்த மெலிந்த புத்தகம்தான் இருக்கிறது.

இன்னொரு கவிஞர் சியமான்தோ. இயற்பெயர் அதோம் யார்ஜானியான். அவரும் அந்த ஆகஸ்டில் கொல்லப்பட்டார். ஆனால் அவருடைய மிகப் பிரபலமான கவிதை 1915-ஐப் பற்றியது அல்ல. ஆறு வருஷத்துக்கு முன்பே, 1909-இல், அதானா பகுதியில் சுமார் 20,000 ஆர்மேனியர்கள் கொல்லப்பட்டார்கள். நிவாரணத்துக்காக அங்கே போன ஒரு மருத்துவ நண்பரின் கடிதங்களைக் கொண்டு சியமான்தோ எழுதிய தொகுப்பில் ‘நடனம்’ என்ற கவிதை இருக்கிறது. ஒரு ஜெர்மன் பெண், தன் ஜன்னல் வழியாகப் பார்த்ததைச் சொல்கிறாள். இளம் மணப்பெண்களை வட்டமாக நிறுத்தி, மேளம் அடித்து, ஆடச்சொல்லி, மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்துகிறார்கள். பார்த்த கண்களை எப்படித் தோண்டி எறிவேன் என்று அவள் கேட்பதோடு கவிதை முடிகிறது. அலங்காரம் கிட்டத்தட்ட இல்லாத கவிதை. பேசுவது ஏன் ஒரு ஜெர்மன்காரி என்பதுதான் என்னை யோசிக்கவைக்கும். செத்தவர்களின் இனத்தைச் சேர்ந்தவன் சொன்னால் உலகம் நம்பாது, வெளியாள் ஒருத்தர் பார்த்ததாகச் சொன்னால்தான் எடுபடும் என்ற கணக்கு 1909-லேயே ஒரு கவிஞனுக்குள் புகுந்துவிட்டது. அடுத்த நூறு வருஷ ஆர்மேனிய எழுத்தை ஆட்டிவைத்ததும் அந்தக் கணக்குதான்.

சிறுகதையாசிரியரும் வக்கீலுமான கிரிகோர் சோஹ்ராப் ஒட்டோமான் நாடாளுமன்ற உறுப்பினர். உள்துறை அமைச்சர் தலாத்தோடு நேரடிப் பழக்கம் உள்ளவர். ஏப்ரல் பட்டியலில் இல்லை; சில வாரம் கழித்துக் கைதாகி ஊர்ஃபாவுக்கு அருகே கொல்லப்பட்டார்.

பட்டியலில் இருந்த ஒரே பெண் ஸாபெல் யெசாயான். இவரைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி இவருடைய வாழ்க்கையில் இருக்கிறது. 1878-இல் கான்ஸ்டான்டிநோபிளில் பிறந்தவர், பாரிஸில் படித்தவர், நாவலாசிரியர். அதானா படுகொலைக்குப் பிறகு ஆர்மேனியத் திருச்சபை அனுப்பிய குழுவில் அங்கே போய், அநாதைக் குழந்தைகளுக்கும் விதவைகளுக்கும் இடையில் வேலை செய்தார். திரும்பி வந்து 1911-இல் எழுதிய புத்தகம் ‘இடிபாடுகளின் நடுவே’. எரிந்துபோன தெருக்கள், பேசவராத குழந்தைகள், தூக்குத்தண்டனைக்குக் காத்திருந்த ஆர்மேனியக் கைதிகள் (தற்காப்புக்காகத் துப்பாக்கி எடுத்ததற்குத் தண்டனை!) என்று போகிற புத்தகம். அதை அவர் எழுதியது ஒட்டோமான் குடிமகளாக நின்று. 1908-இல் அரசியலமைப்பு திரும்ப வந்திருந்தது. துருக்கியரும் ஆர்மேனியரும் ஒரே நாட்டின் சம குடிகள் என்று எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொண்ட காலம். என் சக குடிமக்களான துருக்கியரும் இதைப் படிக்க வேண்டும், இது அவர்களுடைய விஷயமும்தான் என்ற தொனி முன்னுரையிலேயே இருக்கிறது. பின்னால் நடந்ததைத் தெரிந்துகொண்டு அந்த நம்பிக்கையைப் படிக்கும்போது வயிற்றைப் பிசையும்.

1915-இல் யெசாயான் தப்பினார். கொஞ்ச காலம் நகரத்திலேயே ஒளிந்திருந்து, பல்கேரியாவுக்கு ஓடி, அங்கிருந்து காகசஸ் போனார். அங்கே அவர் செய்தது, உயிர்பிழைத்து வந்தவர்களிடம் உட்கார்ந்து அவர்கள் சொன்னதை எழுதியெடுத்தது. ஹைக் தொரோயான் என்பவர் ஒரு ஜெர்மன் அதிகாரிக்கு மொழிபெயர்ப்பாளராக யூப்ரடீஸ் நதிக்கரை முகாம்கள் வழியாகப் போனவர். அவர் கண்டதை யெசாயான் 1917-இல் பாக்கூவில் வெளிவந்த ஒரு ஆர்மேனிய இதழில் வெளியிட்டார். இத்தனை பேரின் மரண வேதனையை இலக்கியப் பொருளாக்குவதே பாவம் என்று கருதியதாக அதில் சொல்கிறார். அதானாவைப் பற்றி அவ்வளவு வலுவான புத்தகம் எழுதிய அதே கை, 1915 வந்ததும் தன் குரலை ஒதுக்கிவைத்துவிட்டு இன்னொருவருக்கு எழுத்தராக உட்கார்ந்துவிட்டது.

அவருடைய முடிவையும் சொல்லிவிடுகிறேன். 1933-இல் சோவியத் ஆர்மேனியாவில் குடியேறினார். 1935-இல் தன் சிறுவயதைப் பற்றி ‘சிலிஹ்தார் தோட்டங்கள்’ எழுதினார். 1937-இல் ஸ்டாலினின் களையெடுப்பில் கைது. 1943 வாக்கில் எங்கோ ஒரு சிறையிலோ வழியிலோ செத்தார், கல்லறை கிடையாது. துருக்கியப் போலீஸிடம் சிக்காதவர்.

யெசாயான் செய்ததையே அந்தத் தலைமுறை முழுவதும் செய்தது. நாவல் வரவில்லை, சாட்சியம் குவிந்தது. அதில் உச்சம் என்று நான் நினைப்பது கிரிகோரிஸ் பாலாக்கியான் என்ற பாதிரியாரின் ‘ஆர்மேனியக் கொல்கொதா’. ஏப்ரல் 24 இரவு பிடிபட்டு, சாங்கிரியில் இருந்து, பிறகு சிரியாவின் டெர் ஸோர் பாலைவனத்தை நோக்கி நடத்திச்செல்லப்பட்டவர். வழியில் தப்பி, பாக்தாத் ரயில்பாதை போட்டுக்கொண்டிருந்த ஜெர்மன் பொறியாளர்களிடம் வேலைக்குச் சேர்ந்து, ஜெர்மன்காரராக வேஷம் போட்டுப் பிழைத்தவர். முதல் பாகம் 1922-இல் வியன்னாவில் வந்தது. இரண்டாம் பாகம் அவர் இறந்து ரொம்ப காலம் கழித்து 1959-இல். இங்கிலீஷில் 2009-இல்தான் வந்தது. மொழிபெயர்த்தவர்களில் ஒருவரான பீட்டர் பாலாக்கியான் அவருடைய வம்சம்.

அதில் ஒரு பகுதி, உலக இலக்கியத்தில் எங்கே வைத்தாலும் நிற்கும். யோஸ்காத் பகுதியைக் கடக்கும்போது காவலுக்கு வந்த ஷுக்ரி என்ற கேப்டன், பாலாக்கியான் பக்கத்திலேயே குதிரையில் வருகிறான். இந்தப் பாதிரி எப்படியும் சாகப்போகிறான் என்ற நிச்சயம் அவனுக்கு. அதனால் ஒளிவுமறைவே இல்லாமல் பேசுகிறான்: ஆண்களை எப்படிப் பிரித்தார்கள், பெண்களின் நகைகளை எப்படிச் சோதித்து எடுத்தார்கள், கிராமத்து ஆட்களை எப்படிக் கூப்பிட்டார்கள், கோடாலியும் அரிவாளும் எப்படிப் பயன்பட்டன. பாலாக்கியான் அவனைக் கோபப்படுத்தாமல், மேலும் பேசவைக்கும்படி பணிவாகக் கேள்வி கேட்டுக்கொண்டே வருகிறார். இருவரும் நல்ல சிநேகிதர்கள் போல சவாரி செய்கிறார்கள். இதை ஒரு நாவலாசிரியன் கற்பனை செய்திருந்தால் மிகை என்று சொல்லியிருப்போம்.

அதே சமயம் அந்தப் புத்தகத்தின் பலவீனமும் தெரிய வேண்டும். ஊர்ப்பெயர், அதிகாரி பெயர், எண்ணிக்கை, தேதி என்று பக்கம் பக்கமாக அடுக்குவார். மூச்சு முட்டும். ஏன் அடுக்குகிறார் என்பது சீக்கிரம் விளங்கிவிடும்: எழுதும்போதே அவர் ஏதோ ஒரு நீதிமன்றத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நிஜமாகவே அவர் நீதிமன்றம் ஏறியவர். 1921-இல் பெர்லினில் தலாத்தைச் சுட்டுக்கொன்ற ஆர்மேனிய இளைஞர் சொகோமோன் தெஹ்லிரியான் வழக்கில் சாட்சி சொன்னார். தெஹ்லிரியான் விடுதலையானார்.

நீதிமன்றத்துக்காக எழுதுவது எழுத்தாளனை என்ன செய்யும் என்பதற்கு அராம் அந்தோனியானைவிட நல்ல உதாரணம் கிடையாது. இவரும் ஏப்ரல் 24 கைதி. கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்ததால் கூட்டாளிகளோடு சாகாமல் தப்பி, பிறகு மெஸ்கெனே முகாமில் இருந்தவர். போர் முடிந்ததும், ஆர்மேனியர்களைக் கொல்லச் சொல்லித் தலாத் அனுப்பியதாகச் சொல்லப்படும் தந்திகளை ஒரு ஒட்டோமான் அலுவலரிடமிருந்து வாங்கி வெளியிட்டார். அன்றிலிருந்து அந்தோனியான் என்றால் அந்தத் தந்திகள்தான். அவை போலி என்று 1983-இல் இரண்டு துருக்கிய ஆய்வாளர்கள் ஒரு புத்தகம் போட்டார்கள். நிஜம்தான் என்று 2016-இல் தானர் அக்சாம் என்ற துருக்கிய வரலாற்றாசிரியர் புத்தகம் போட்டார். இந்தச் சண்டையில் எல்லோரும் மறந்தது, அந்தோனியான் 1919-இலேயே ‘அந்தக் கருத்த நாட்களில்’ என்று ஒரு சிறுகதைத் தொகுப்பு வெளியிட்டிருந்தார் என்பதை. முகாமுக்குள் பசி மனிதர்களை என்ன செய்தது, பாதிக்கப்பட்டவர்களே ஒருவருக்கொருவர் என்ன ஆனார்கள் என்பதைக் கூசாமல் எழுதிய கதைகள். எந்த வழக்குக்கும் உதவாத கதைகள் அவை. செத்தவர்கள் புனிதர்களாக இருந்தால்தானே வழக்கு நிற்கும்? அதனால்தான் அவற்றை யாரும் கையில் எடுக்கவில்லை என்று நினைக்கிறேன்.

மார்க் நிஷானியான் என்ற பிரெஞ்சு-ஆர்மேனிய விமர்சகர் இதைத்தான் வாழ்நாள் முழுக்க எழுதிக்கொண்டிருக்கிறார். மறுப்பவன் ‘ஆதாரம் காட்டு’ என்கிறான். பிழைத்தவன் ஆதாரம் காட்டுகிறான். காட்டத் தொடங்கிய நிமிஷமே அவனுடைய துக்கம் ஆவணமாகிவிடுகிறது, தன் சாவைத் தானே நிரூபிக்க வேண்டிய கேவலமும் சேர்ந்துகொள்கிறது என்பது அவர் வாதம். சில இடங்களில் அவர் சுற்றிச்சுற்றிப் பேசுவார், தத்துவ நடை அலுப்பூட்டும். அடிப்படை விஷயத்தில் அவர் சொல்வது சரி. துருக்கி அரசு இன்றுவரை அதை இனப்படுகொலை என்று ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் இந்த இலக்கியம் நூறு வருஷமாகச் சாட்சிக் கூண்டிலிருந்து இறங்கவே முடியாமல் நிற்கிறது. என் பார்வையில் இதில் மிகச் சிறந்த எழுத்துகள், கூண்டை விட்டு இறங்கி வந்தவைதான்.

இறங்கப் பார்த்துப் பாதியில் நின்ற ஒருவர் ஹாகோப் ஒஷாகான். நாவல் ஏன் இல்லை என்று கேட்டால் ஆர்மேனியர்கள் கைகாட்டுவது இவரை. 1883-இல் பூர்ஸா பக்கம் பிறந்தவர். போர்க்காலம் முழுக்க கான்ஸ்டான்டிநோபிளில் தலைமறைவாக இருந்து, கடைசியில் ஜெர்மன் அதிகாரி வேஷத்தில் பல்கேரியாவுக்குத் தப்பினார். பிறகு சைப்ரஸிலும் ஜெருசலேமிலும் ஆசிரியர் வேலை. 1930-களின் தொடக்கத்தில் ‘எஞ்சியவர்கள்’ என்ற பெருநாவலை எழுத உட்கார்ந்தார். மூன்று பகுதியாகத் திட்டம். ஒரு கிராமத்தின் பெரிய குடும்பம், அதன் சீரழிவு, அங்கே துருக்கியரும் ஆர்மேனியரும் ஒருவர் வாழ்க்கையில் ஒருவர் பின்னிக்கிடந்த விதம், உடம்பின் இச்சை, பகை, கொலை என்று முதல் இரண்டு பகுதிகள் ஆயிரம் பக்கத்துக்கு மேல் நீண்டன. மூன்றாம் பகுதிக்கு ‘நரகம்’ என்று பெயர் வைத்திருந்தார். நாடுகடத்தலும் படுகொலையும் அதில்தான் வர வேண்டும். அது எழுதப்படவே இல்லை. 1948-இல் அலெப்போவில் இறந்தார். அலெப்போ என்பது நாடுகடத்தப்பட்ட லட்சக்கணக்கானவர்கள் கடந்துபோன ஊர்.

உடல்நிலை ஒரு காரணம் என்பார்கள். அது மட்டும் போதாது. நடந்ததை எழுத வேண்டுமானால் பிழைத்தவர்கள் எழுதிய ஆயிரக்கணக்கான சாட்சியங்கள் அத்தனையையும் உள்வாங்க வேண்டும் என்று அவர் எண்ணினார். ஒரு குடும்பத்தின் கதை போதாது, ஒரு கதாநாயகன் போதாது, இனம் முழுவதுமே பாத்திரமாக வேண்டும். அப்படியொரு நாவலை யாராலும் எழுத முடியாது. எழுத முடியாத நாவலை நோக்கி இரண்டு பெரிய பகுதிகள் எழுதிப்போனவர் என்பதால்தான் எனக்கு ஒஷாகான் மீது மரியாதை.

இன்னொரு காரணம் சாதாரணமானது: வாசகர்கள் போய்விட்டார்கள். ஒட்டோமான் ஆர்மேனியர்கள் எழுதியது மேற்கு ஆர்மேனிய மொழியில். ஆர்மேனியக் குடியரசில் பேசுவது கிழக்கு ஆர்மேனியம். மேற்கு ஆர்மேனியத்துக்கு 1915-க்குப் பிறகு சொந்த மண் கிடையாது. பெய்ரூட், அலெப்போ, பாரிஸ், பாஸ்டன் என்று சிதறிய அகதிகளின் வீட்டுப் பேச்சாகிவிட்டது. யுனெஸ்கோ அதை 2010-இல் அழியும் ஆபத்திலுள்ள மொழிகளின் பட்டியலில் வைத்தது. நாடில்லாமல் அச்சடித்துப் பழகிய இனம்தான் அது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். உலகின் முதல் ஆர்மேனியப் பத்திரிகையான ‘அஸ்தரார்’ 1794-இல் வெளிவந்தது நம் சென்னையில். அரண்மனைக்காரத் தெரு என்று நாம் சொல்லும் அந்த ஆர்மேனியன் தெருப் பக்கத்து வியாபாரிகளும் பாதிரிமாரும்தான் அதன் உலகம். ஆனால் வசதியான வியாபாரிச் சமூகம் பத்திரிகை நடத்துவது வேறு, அநாதை விடுதியில் வளர்ந்த தலைமுறை நாவல் வாசிப்பது வேறு.

சோவியத் ஆர்மேனியாவிலாவது எழுதியிருக்கலாமே என்றால், அங்கே 1960-கள் வரை இதைப் பற்றிப் பேசுவதே தேசியவாதக் குற்றம். கோமிதாஸ் என்ற இசைமேதை ஏப்ரல் 24-இல் கைதாகி, விடுதலையாகி, மனம் பேதலித்து பாரிஸில் இறந்தவர். அவரைப் பற்றி பாருய்ர் செவாக் 1959-இல் எழுதிய நெடுங்கவிதை ‘ஓயாத மணிக்கூண்டு’ அந்தக் கதவைத் திறந்தது. 1965 ஏப்ரல் 24 அன்று ஆர்மேனியத் தலைநகர் யெரெவான் தெருக்களில் பெருங்கூட்டம் திரண்டது. அடுத்த வருஷமே குர்கென் மஹாரி ‘எரியும் பழத்தோட்டங்கள்’ நாவலை வெளியிட்டார். இன்றைய கிழக்குத் துருக்கியிலுள்ள வான் என்ற நகரத்துப் பிள்ளை. அந்த நகரத்தின் எதிர்ப்புப் போரைச் சிறுவனாகப் பார்த்தவர். சைபீரியச் சிறை வாழ்க்கையும் அனுபவித்தவர். அவர் எழுதியது கிண்டலும் கசப்பும் கலந்த, வீரர்களை வீரர்களாகக் காட்டாத நாவல். ஆர்மேனியப் புரட்சிக் கட்சித் தலைவர்களும் தப்புச் செய்தார்கள் என்றார். யெரெவானில் அவருடைய புத்தகத்தைத் தெருவில் போட்டு எரித்தார்கள். பயந்து திருத்தி எழுதிக்கொண்டே இருந்து 1969-இல் இறந்துபோனார். ஆர்மேனியர் எழுதிய நாவல் இல்லை என்று சொல்லும்போது இதை மறந்துவிடுகிறோம். இருக்கிறது, வந்த சமயத்தில் அவர்களாலேயே தாங்க முடியவில்லை.

இப்போது வெர்ஃபெல். பிராகில் பிறந்த யூதர், வியன்னாவில் புகழோடு இருந்தவர். 1930 வாக்கில் டமாஸ்கஸ் போனபோது ஒரு கம்பள ஆலையில் எலும்பும் தோலுமாக வேலை செய்துகொண்டிருந்த ஆர்மேனிய அகதிக் குழந்தைகளைப் பார்த்ததிலிருந்து நாவல் பிறந்தது என்று முன்குறிப்பில் சொல்கிறார். கதைக்கு அடிப்படை நிஜம். 1915-இல் மத்தியதரைக் கடலோரம் ஆறு கிராமங்களைச் சேர்ந்தவர்கள் நாடுகடத்தல் உத்தரவுக்குப் பணியாமல் மூசா டாக் என்ற மலைமேல் ஏறி, துருக்கிய ராணுவத்தை எதிர்த்து நின்றார்கள். கடலில் போன பிரெஞ்சுப் போர்க்கப்பல்களுக்குத் துணியில் அடையாளம் காட்டி, 4,000-க்கும் மேற்பட்டோர் எகிப்தின் போர்ட் செய்துக்குத் தப்பினார்கள். நிஜத்தில் அது 53 நாள் என்பார்கள். வெர்ஃபெல் விவிலிய எண்ணான நாற்பதாக்கினார்.

நாவலாக அதற்குக் குறைகள் உண்டு. கதாநாயகன் காப்ரியேல் பக்ரதியான் பாரிஸில் வாழ்ந்த கனவான். கிராமத்து ஆர்மேனியர்கள் பல இடங்களில் மேடையின் பின்னணிக் கூட்டம்தான். அவன் பிரெஞ்சு மனைவியின் கள்ளக்காதல் கிளைக்கதையைப் பாதியாக வெட்டியிருக்கலாம். ஆனால் ஜெர்மன் பாதிரியார் லெப்சியுஸ், போர் அமைச்சர் என்வர் பாஷாவைச் சந்தித்துக் கெஞ்சும் அத்தியாயம் இருக்கிறதே, அதற்காகவே புத்தகத்தை வாங்கலாம். அந்தச் சந்திப்பும் 1915-இல் நிஜமாக நடந்தது. இனிமையாகப் பேசுகிற, அழகான, எதற்கும் கோபப்படாத என்வரிடம் லெப்சியுஸின் கோபம் ஒட்டாமல் வழுக்கிப் போகிறது. 1932 நவம்பரில் ஜெர்மன் நகரங்களில் வெர்ஃபெல் மேடையேறி வாசித்தது இந்த அத்தியாயத்தைத்தான். இரண்டு மாதத்தில் ஹிட்லர் பதவிக்கு வந்தார்.

நாவல் 1933 இறுதியில் வந்தது, 1934 பிப்ரவரியில் ஜெர்மனியில் தடை. அதற்குச் சில வாரம் முன்புதான் வெர்ஃபெல், புத்தகம் ஜெர்மனியில் விற்க வேண்டுமே என்று நாஜி எழுத்தாளர் சங்கத்தில் சேர விண்ணப்பித்திருந்தார். ரசிகர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். ஹாலிவுட்டின் எம்.ஜி.எம். படமாக்கப் பார்த்தது, துருக்கித் தூதரின் எதிர்ப்பு அமெரிக்க வெளியுறவுத் துறை வழியாக வந்து 1935-இல் அதை நிறுத்தியது. அதே வருஷம் இஸ்தான்புல்லில் மிஞ்சியிருந்த ஆர்மேனியர்கள், தங்கள் விசுவாசத்தைக் காட்டுவதற்காக, அந்தப் புத்தகத்தைத் தாங்களே எரிக்க வேண்டியிருந்தது.

பிறகு யாரும் எதிர்பாராத வாசகர்கள் அதற்குக் கிடைத்தார்கள். இரண்டாம் உலகப் போரின்போது போலந்தின் வார்சா, பியாலிஸ்டாக் போன்ற யூதச் சேரிகளில் அடைக்கப்பட்டவர்கள் அதைக் கைமாற்றிக் கைமாற்றிப் படித்தார்கள். 1943-இல் பியாலிஸ்டாக்கில் எதிர்த்துப் போராடுவதா, காட்டுக்குத் தப்புவதா என்ற விவாதத்தில் ‘இந்தச் சேரிதான் நம்முடைய மூசா டாக்’ என்ற பேச்சு வந்தது பதிவாகியிருக்கிறது. ஆர்மேனியர்களுக்கு அது வரலாறு. அந்த யூதர்களுக்கு அன்றைய வேலைத்திட்டம். எந்த விமர்சகனும் ஒரு நாவலுக்கு இதைவிடப் பெரிய மதிப்பெண் போட முடியாது. குறைகளைச் சொல்லிக்கொண்டே நான் அதைப் பரிந்துரைப்பதும் அதனால்தான்.

யூத எழுத்தாளர்கள் இந்த விஷயத்துக்குத் திரும்பத் திரும்ப வந்திருக்கிறார்கள். கலையாகப் பார்த்தால் வெர்ஃபெலைவிட எனக்குப் பிடித்தது எட்கர் ஹில்சென்ராத்தின் ‘கடைசி நினைப்பின் கதை’. 1989-இல் வந்த ஜெர்மன் நாவல். நாஜிக் காலத்தில் உக்ரைன் பக்கத்து யூதச் சேரியில் கிடந்து பிழைத்தவர் அவர். சாகப்போகும் ஒரு ஆர்மேனியனின் கடைசி நினைப்புக்கு, துருக்கிய மரபின் கதைசொல்லியான மெத்தா ஒருவன் கதை சொல்கிறான். நம் ஊர்க் கதைகளைப் போல ‘ஒரே ஒரு ஊரிலே’ என்று தொடங்கி, கெட்டவார்த்தையும் நையாண்டியும் கிராமத்துச் சடங்குமாகப் போய், நடுவில் சித்திரவதைக்குள் இறங்குகிறது. எதையும் நிரூபிக்க அவர் முயலவே இல்லை.

ஆர்மேனியப் பேரப்பிள்ளைகள் எழுதியவை ஏராளம், தரம் ஏற்ற இறக்கம். அமெரிக்காவில் பீட்டர் பாலாக்கியானின் ‘விதியின் கருப்பு நாய்’ என்ற தன்வரலாறு, இத்தாலியில் அந்தோனியா அர்ஸ்லானின் ‘வானம்பாடிப் பண்ணை’, மிஷலின் அஹரோனியான் மார்கமின் ‘வானத்திலிருந்து விழுந்த மூன்று ஆப்பிள்கள்’ ஆகிய மூன்றும் போதும். மூன்றாவதில் மொழி கொஞ்சம் அடர்த்தி, பொறுமை வேண்டும்.

எனக்கு மிக வியப்பானவை துருக்கிக்குள்ளிருந்து வந்த எழுத்துகள். துருக்கியக் கவிஞர் நாஸிம் ஹிக்மத் 1950-இலேயே ஒரு கவிதையில், தன் அப்பாவை வெட்டியதை மன்னிக்காத ஒரு ஆர்மேனிய மளிகைக்கடைக்காரரைக் கொண்டுவந்து, அது துருக்கியரின் நெற்றியில் விழுந்த கறை என்று எழுதினார். அதற்கப்புறம் நெடுங்காலம் பெரிய மௌனம். 2004-இல் ஃபெத்தியே சேதின் என்ற வக்கீல் ‘என் பாட்டி’ என்று ஒரு சின்னப் புத்தகம் போட்டார். சட்டக் கல்லூரியில் படிக்கும்போது அவருடைய பாட்டி சேஹேர், தொழுகை தவறாத முஸ்லிம் கிழவி, ஒருநாள் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்கிறாள்: என் பெயர் ஹெரானுஷ், நான் ஆர்மேனியச்சி, நடத்திக்கொண்டு போன கூட்டத்திலிருந்து ஒரு காவல் அதிகாரி என்னைத் தூக்கிக்கொண்டான், என் அப்பா அம்மா அமெரிக்காவில் இருக்கிறார்கள், தேடிக் கண்டுபிடி.

சிறுவயதில், பாட்டியும் அவள் வயதுக் கிழவிகள் சிலரும் வசந்த காலத்தில் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய், ஒரு வகை இனிப்பு ரொட்டி வைத்து உபசரித்துக்கொண்டது ஃபெத்தியேவுக்கு ஞாபகம் இருக்கிறது. ஈஸ்டர் ரொட்டி அது என்பது பல வருஷம் கழித்துத்தான் விளங்குகிறது. அந்தக் கிழவிகள் எல்லோரும் யார் என்பதும் அப்போதுதான். பாட்டியின் ஜனாஸாவின்போது மசூதியில் இறந்தவளின் பெற்றோர் பெயரைக் கேட்கிறார்கள். வளர்த்தவர்கள் பெயரான ஹுசேன், எஸ்மா என்று பதில் வருகிறது. பின்னால் நின்ற பேத்தி பொறுக்கமாட்டாமல், அது பொய், அவள் அம்மா இஸ்குஹி, அப்பா ஹோவன்னெஸ், அவள் பெயர் ஹெரானுஷ் என்று சத்தம் போடுகிறாள். அந்தப் புத்தகம் பதிப்பு பதிப்பாக ஓடியது. தங்களுக்கும் அப்படியொரு பாட்டி இருந்தாள் என்று துருக்கி முழுவதும் ஆட்கள் பேச ஆரம்பித்தார்கள். அவர்கள் கதைகளைத் தொகுத்து ஃபெத்தியே இன்னொரு புத்தகமே கொண்டுவந்தார். எத்தனை பேர் கொல்லப்பட்டார்கள், உத்தரவு போட்டது யார் என்ற வாதத்துக்குள் அவர் போகவே இல்லை. என் பாட்டி சொன்னாள் என்றார். அதை மறுக்க எந்த அரசு ஆவணத்தாலும் முடியவில்லை.

மற்றவர்கள் அவ்வளவு லேசாகத் தப்பவில்லை. 2005-இல் ஒரு பேட்டியில் இந்த மண்ணில் பத்து லட்சம் ஆர்மேனியர்கள் கொல்லப்பட்டார்கள் என்று சொன்னதற்காக நாவலாசிரியர் ஓரான் பாமுக் மேல் வழக்கு, பிறகு கைவிட்டார்கள். எலிஃப் ஷஃபாக் மேல் 2006-இல் போட்ட வழக்கு இன்னும் விசித்திரம். ‘இஸ்தான்புல்லின் தகாப்பிள்ளை’ நாவலில் ஒரு கதாபாத்திரம் பேசிய வசனம்தான் குற்றம். கோர்ட் விடுவித்தது. நாவல் சுமார்தான், தற்செயல்கள் அதிகம். அந்த வழக்குதான் அதை வரலாற்றில் நிறுத்தியது. ஃபெத்தியே வக்கீலாக ஆஜரான ஹ்ரான்ட் டிங்க், இஸ்தான்புல்லின் ஆர்மேனியப் பத்திரிகையான ‘அகோஸ்’-இன் ஆசிரியர், 2007 ஜனவரி 19 அன்று தன் அலுவலக வாசலில் சுட்டுக்கொல்லப்பட்டார்.

எங்கே தொடங்குவது என்ற கேள்விக்கு வருகிறேன். ‘என் பாட்டி’யை முதலில் படியுங்கள், இரண்டு மாலைப்பொழுதில் முடியும். அடுத்து யெசாயானின் ‘இடிபாடுகளின் நடுவே’. சியமான்தோவின் ‘நடனம்’ எந்தத் தொகுப்பிலும் கிடைக்கும், ஒரே தடவை படித்தால் போதும். பிறகு வெர்ஃபெலோ ஹில்சென்ராத்தோ, மனநிலைக்குத் தக்கபடி. பாதிரியார் பாலாக்கியானின் சாட்சியத்தை நடுநடுவே எடுத்து வைத்துவிட்டுத்தான் படிக்க முடியும், அவசரப்படாதீர்கள். ஒஷாகானின் ‘எஞ்சியவர்கள்’ இங்கிலீஷில் தொடக்கப் பகுதி மட்டும் வந்திருக்கிறது, அது கடைசிக்கு. வெர்ஃபெலை வாங்கும்போது மட்டும் பதிப்பைக் கவனியுங்கள்: பழைய புத்தகக் கடைகளில் கிடைக்கும் 1934 இங்கிலீஷ் மொழிபெயர்ப்பில் நிறைய வெட்டியிருக்கிறார்கள். விட்டுப்போனதைச் சேர்த்து 2012-இல் வந்த பதிப்பைத் தேடுங்கள். கனமான புத்தகம், எழுத்து பொடிசு, அதனால் கிண்டிலில் படிப்பது நல்லது.